மகனுக்கு ஊர்ப்பெயரா, பிறர் குடும்பப் பெயரா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்

காட்பாடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பிறப்பைப் பதிவு செய்துவிட்டோம். பெயருக்கான இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த ஒரு வரியை நிரப்ப முடியாமல் இரண்டு குடும்பங்களும் தவிக்கின்றன. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

திருமணமாகி ஆறு ஆண்டுகள் எங்களுக்குக் குழந்தை இல்லை. போன கார்த்திகை மாதக் கடைஞாயிறன்று என் மாமியார் என்னை விரிஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்று, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் சிம்மக் குளத்தில் நள்ளிரவில் நீராடச் செய்து, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுக்க வைத்தார். கல்தரையின் குளிர் முதுகில் ஏறியதும், பக்கத்தில் படுத்திருந்த முன்பின் அறியாத பெண் ஒருத்தி என் கைமேல் தன் கையை வைத்தபடியே உறங்கிப் போனதும் இன்றும் மறக்கவில்லை. என் கணவரின் முன்னோர் அந்த ஊர்க்காரர்கள். அவருடைய தாத்தா காலம் வரையில் பெயருக்கு முன்னால், தந்தை பெயரின் எழுத்துக்கும் முன்பாக, ஊருக்கான 'வி' என்ற எழுத்து நின்றது. என் கணவரைப் பள்ளியில் சேர்த்தபோது அந்த எழுத்து விடுபட்டுப் போயிற்று. ஒற்றை எழுத்தாக இருந்து மறைந்துபோன ஊரை மகனுக்கு முழுப்பெயராகவே வைக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். அவர் சொல்லும் பெயர் 'விரிஞ்சை'.

என் தாயார் வேலூர் சி.எம்.சி.யில் செவிலியர் பயிற்சி பெற்றவர். எனக்குப் பிரசவம் சிக்கலாகி, குழந்தை ஆறு நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பிழைத்து வந்ததும் அதே மருத்துவமனையில்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு அதைத் தொடங்கியிராவிட்டால் இந்தப் பிள்ளை இன்று நம் மடியில் இல்லை என்று சொல்லி, பேரனுக்கு 'ஸ்கடர்' என்றே பெயர் வைக்கக் கேட்கிறார். எண்பத்தெட்டு வயதாகும் என் பாட்டியோ அதை 'இஸ்கட்டரு' என்றுதான் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'ஸ்கூட்டர்' என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

ஊர்ப்பெயரை அப்படியே ஆண்பிள்ளைக்கு வைக்கலாமா? வேற்று நாட்டவர் ஒருவருடைய குடும்பப் பெயரை நம் பிள்ளைக்குச் சொந்தப் பெயராக வைப்பது முறையா? இப்படிப்பட்ட பெயரோடு வளர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுடைய அனுபவத்தை அறிய மிகவும் விரும்புகிறேன்.


வாலாஜா தமிழாசிரியர் எழுதியது:

அன்பு மகளுக்கு, பிள்ளை நலமாக வளர என் வாழ்த்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பது நம் வடஆற்காட்டுப் பக்கத்தில் புதுமையே அன்று. முப்பத்தோராண்டுகள் நான் வருகைப்பதிவேடு எடுத்தவன். அண்ணாமலை, ஏழுமலை, திருப்பதி, பழனி, சிதம்பரம், திருவேங்கடம், தணிகாசலம், தணிகைவேல், காசி, வேதாசலம் என்று நான் கூப்பிட்ட பெயர்களில் பெரும்பகுதி ஊரும் மலையுமாகத்தான் இருந்தது. "டேய் பழனி" என்று தாய் கூப்பிடும்போது அவள் மனத்தில் ஒரு ஊரோ நகராட்சியோ தோன்றுவதில்லை. வேண்டிக்கொண்ட தெய்வத்தின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக அது இருக்கும் இடத்தின் பெயரைச் சொல்வது நம் பழக்கம். திருத்தணி ஒரு காலத்தில் வடஆற்காட்டோடு சேர்ந்திருந்த ஊர். ஆகையால்தான் மதுரைப் பக்கத்தில் அரிதாகக் கேட்கும் 'தணிகை' இங்கே தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிறது.

விரிஞ்சிபுரத்துக்கும் அப்படி ஒரு பெயர் ஏற்கெனவே உண்டு. அது 'மார்க்கபந்து'. வழிப்போக்கருக்குத் துணையாக வந்த இறைவன் என்பது பொருள், தமிழில் வழித்துணைநாதர். வேலூரைத் தாண்டிச் சென்றால் இந்தப் பெயரைக் கேட்டு வியப்பவர்கள் இருப்பார்கள், ஆனால் எவராவது தம் பெயர் மார்க்கபந்து என்று சொன்னால், "உங்களுக்குப் பாலாற்றங்கரையா?" என்று நான் தயங்காமல் கேட்பேன், பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும்.

உங்கள் கணவர் கேட்கும் 'விரிஞ்சை' என்பது விரிஞ்சிபுரத்தின் மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், கும்பகோணம் குடந்தை ஆனதும், திருநெல்வேலி நெல்லை ஆனதும் போல. அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலங்களுள் இதுவும் ஒன்று. 'விரிஞ்சை மதிலழகு' என்று நம் பக்கத்தில் சொல்லும் வழக்கையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். விரிஞ்சன் என்றால் நான்முகன். அவன் வழிபட்ட ஊர் என்பது தலபுராணம். 'ஐ' என்று முடிவதால் பெண்பெயர் போல ஒலிக்குமோ என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணாமலை, ஏழுமலை, துரை, தணிகை எல்லாம் அப்படி முடிகிற ஆண்பெயர்கள்தாமே! அதைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை.

எனக்குத் தோன்றும் உண்மையான இடர் வேறு. தமிழில் ஊரின் குறுக்கப் பெயர் முன்னால் வந்து, பின்னால் ஒரு மனிதரின் பெயர் வந்தால், அந்த ஊரைச் சேர்ந்த அந்த மனிதர் என்றே நாம் படிப்போம். செம்மங்குடி சீனிவாச ஐயர், அரியக்குடி இராமானுச ஐயங்கார், லால்குடி ஜெயராமன் ஆகியோரின் பெயர்களில் முதலில் நிற்பவை ஊர்கள். (செம்மங்குடி பாடுகிறார் என்று ஊரையே ஆளாகச் சொல்லும் அளவுக்கு அது முன்னேறியதும் உண்டு.) உங்கள் மகனுக்கு 'விரிஞ்சை' என்று வைத்து, பின்னால் தந்தையின் பெயரைச் சேர்த்தால், விரிஞ்சிபுரத்தைச் சேர்ந்த அவன் தந்தையைத்தான் அது குறிப்பதாக ஆகிவிடும். பிள்ளையின் பெயரே இல்லாமல் போய்விடும். ஆகையால் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னால் மட்டும் நிற்கட்டும். அல்லது 'அன்' விகுதி சேர்த்துவிடுங்கள். கணியன் பூங்குன்றனார் பூங்குன்றத்தைச் சேர்ந்தவர். இன்று பூங்குன்றன் என்று பெயர் வைத்திருப்பவர்களை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்கு ஆரூரர் என்று பெயர். ஆரூரன் இன்றும் வழக்கில் இருக்கிறது.

குடும்பப் பெயரைப் பற்றி இரண்டு சொல். ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பல, அடிப்படையில் ஊர்ப்பெயர்கள்தாம். நியூட்டன் என்றால் புதூர். லிங்கன் என்பதும் வாஷிங்டன் என்பதும் இங்கிலாந்தில் இருக்கும் ஊர்கள். வேலூரில் உள்ள நம் ஊரிசுக் கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த அம்மையாரின் குடும்பப் பெயரான 'வூர்ஹீஸ்' டச்சுக்காரர்களுடையது. 'ஹேஸ் என்ற ஊருக்கு முன்னால்' குடியிருந்தவர்கள் என்பது அதன் பொருள். அதை நம் மக்கள் 'ஊரிசு' என்று தம் வாய்க்கு இசைவாக ஆக்கிக்கொண்டார்கள். நேரு குடும்பத்தின் பழைய பெயர் கௌல். தில்லியில் கால்வாய்க் கரையில், அதாவது நஹர் கரையில் குடியிருந்ததால் நேரு ஆனார்கள். அந்தக் கால்வாய்க் கரை நம் தமிழ்நாட்டில் எத்தனை ஆண்பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயராகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே 'ஸ்கடர்' அயலார் பெயர் என்பதற்காக நான் மறுக்கவில்லை. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தமிழ் நாக்கு ஏற்பதில்லை. உங்கள் பாட்டியார் முன்னால் ஒரு 'இ' சேர்ப்பது தமிழின் இயல்பே தவிர அவருடைய பிழை அன்று. இராமன், உலோகம் என்று எழுதுகிற அதே முறைதான் அது. பெற்ற பாட்டியே திணறிச் சொல்லும் பெயரை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.


நெசவாளர் மகன், குடியாத்தம் எழுதியது:

சகோதரி, இப்படிப்பட்ட பெயரோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். என் பெயர் கென்னடி.

நான் 1964-ஆம் ஆண்டு தை மாதம் பிறந்தவன். அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பர் 22. என் தந்தை கைத்தறியில் லுங்கி நெய்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். தறிக்குழியிலிருந்து எழுந்து போய்த் தேநீர்க் கடையில் யாரேனும் உரக்கப் படிக்கும் செய்தித்தாளைக் கேட்டுவிட்டு வருவது அவருடைய வழக்கம். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு அவர் சாப்பிடவில்லை என்று என் தாய் சொல்வார். முன்பின் பார்த்திராத, மொழி தெரியாத ஒருவருக்காக அவர் ஏன் அப்படிக் கலங்கினார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்பதுதான். அடுத்த ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நான் பிறந்தேன்.

இந்தப் பெயரால் எனக்கு வந்த சங்கடங்களை மறைக்காமல் சொல்கிறேன். பள்ளியில் சேர்ந்த முதல் நாளில் ஆசிரியர் ஒருவர் நான் கிறித்தவன் என்று தாமாகவே முடிவு செய்து பதிவேட்டில் எழுதிவிட்டார். அதைத் திருத்த என் தந்தை தறியை நிறுத்திவிட்டு மூன்று நாட்கள் நடந்தார். அந்த மூன்று நாள் கூலி போயிற்று. மதிய உணவோடு அமெரிக்கப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்த காலம் அது. "உங்கள் வீட்டுப் பால் வந்துவிட்டது" என்று வகுப்பில் ஒருவன் தொடங்கி வைத்தான், அதுவே எனக்கு ஐந்தாம் வகுப்பு வரையில் நின்றது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லும்போது, "கென்னடி, பூரட்டாதி" என்பேன். குருக்கள் ஒரு கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்வார். சிறுவனாக இருந்தபோது அந்த ஒரு கணம் எனக்கு மிக நீளமாக இருக்கும். பதினான்கு வயதில் பெயரை மாற்றிக்கொள்வதாகத் தந்தையிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊடையை எறிந்துகொண்டே, "மாற்றிக்கொள், ஆனால் நான் கூப்பிடுவது அதுவாகத்தான் இருக்கும்" என்றார்.

நான் மாற்றிக்கொள்ளவில்லை. என்னைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பெயரின் புகழ் அன்று. எதற்காக வைத்தார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என்னோடு படித்தவர்களில் லெனின் ஒருவர், லிங்கன் ஒருவர், ஸ்டாலின் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தம் பெயர் எங்கிருந்து வந்தது என்றே வீட்டில் எவரும் சொன்னதில்லை. யாரோ நன்றாக இருக்கிறது என்றார்கள், வைத்துவிட்டார்கள். கல்லூரிக்கு வந்து அந்தப் பெயருக்குரியவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் அறிந்தபோது அவர் தடுமாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏனென்றால் குடும்பப் பெயரை எடுத்து வைக்கும்போது ஒரு மனிதருடைய வாழ்க்கை முழுவதும் அதோடு கூட வந்துவிடுகிறது. பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதப்படுகிறவை எல்லாம் பிள்ளையின் காதில் விழும். ஊர்ப்பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஐடா அம்மையாரின் வாழ்க்கையைப் பொறுத்தவரை பிள்ளை தலைகுனிய வேண்டியது ஒன்றும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இராணிப்பேட்டையில் பிறந்த அவரை நம் மாவட்டத்துக்காரர் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அவரைப் பெருமைப்படுத்துகிற பெயர் 'ஐடா'தான். அந்தக் காலத்து நோயாளிகள் நெஞ்சில் வைத்திருந்ததும் அதுதான். 'ஸ்கடர்' என்பது அவருடைய தந்தைக்கும் பாட்டனாருக்கும் உரிய பெயர்.


பேரணாம்பட்டுக்காரர் எழுதியது:

மேலே உள்ள இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் குடும்பப் பெயரைச் சொந்தப் பெயராக வைப்பதை நான் ஏற்கவில்லை, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். எங்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர் உண்டு. அது சித்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். எங்களில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆயினும் திருமணப் பேச்சு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்; ஒரே வீட்டுப்பெயர் இருந்தால் அண்ணன் தங்கை முறை என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டாக்டர் இராதாகிருட்டிணன் 1888-இல் திருத்தணியில் பிறந்து, வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்தவர். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் நின்ற 'சர்வபள்ளி' நெல்லூர் மாவட்டத்து ஊர். ஆற்காடு இராமசாமி முதலியாரும் அவருடைய இரட்டையரான இலட்சுமணசாமி முதலியாரும் 1887-இல் கர்நூலில் பிறந்தவர்கள். பெயரில் ஆற்காடு கூடவே வந்தது. இப்படி ஊர் ஒரு வம்சத்தின் அடையாளமாக மாறிய பிறகு, அதை அந்த வம்சத்தைச் சேராத பிள்ளைக்கு எடுத்து வைப்பது அவர்கள் வீட்டுக் கதவில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றி நம் வீட்டில் மாட்டுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. இப்போது வடநாட்டுக் குடும்பப் பெயர்களைக் கேட்க இனிமையாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. அவற்றில் பல சாதிப் பெயர்கள். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு தலைமுறைகள் முயன்று நாம் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை அறுத்தோம். அதே வாலை, வேறோர் ஊரின் வாலாக, தெரியாமல் முன்னால் ஒட்டிக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஸ்கடர் அப்படிப்பட்ட பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வழக்கம் ஒன்றைத் தொடங்கினால் அடுத்தவர் எதை எடுப்பார் என்பது நம் கையில் இல்லை.

'விரிஞ்சை' உங்களுடைய ஊர், தயங்காமல் வையுங்கள்.


ஆம்பூர் வாசகர் எழுதியது:

பேரணாம்பட்டு நண்பர் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்க முடிகிறது.

எங்கள் சமூகத்தில் புகாரி, ஜீலானி என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. புகாரி என்றால் புகாராவைச் சேர்ந்தவர். ஜீலானி என்றால் ஈரானில் உள்ள கீலானைச் சேர்ந்தவர். பெரியவர்கள் சிலருக்கு அடையாளமாக நின்ற அந்த ஊர்கள், அவர்கள்மீது கொண்ட மதிப்பினால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயர்களாகிவிட்டன. என் பெரிய தந்தையாரின் பெயர் ஜீலானி. தோல் மண்டியில் ஐம்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர், சென்னைக்கு அப்பால் பயணம் செய்ததே இல்லை. அவரை யாரும் இரவல் பெயர்க்காரர் என்று சொன்னதில்லை. நாகூர் மீரான், நாகூர் கனி என்ற பெயர்களில் ஊர் அப்படியே நிற்கிறது.

செஞ்சியை ஆண்ட தேஜ் சிங் பந்தேலா ராஜபுத்திரர். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு வீழ்ந்தார். உடன்கட்டை ஏறிய அவருடைய அரசியின் நினைவாக அதே நவாப் எழுப்பிய ஊர்தான் இராணிப்பேட்டை என்பார்கள். தேஜ் சிங் என்ற பெயர் நம் மக்களின் வாயில் 'தேசிங்கு' ஆயிற்று. செஞ்சி தொடங்கி ஆரணி, போளூர் வரையில் தேசிங்கு என்ற பெயரில் எத்தனை உழவர்கள்! அந்தப் பெயருக்கு இன்று எந்த வம்சமும் உரிமை கொண்டாட முடியாது, அது நம்முடையது. ஸ்கடருக்கும் ஒரு நாள் அப்படி ஒரு தமிழ் வடிவம் வரலாம். அதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் ஆகலாம் என்பதால், இந்தப் பிள்ளையைத் தொடக்கமாக வைக்க வேண்டுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.


சான்றிதழ்ப் பணியாளர், இராணிப்பேட்டை எழுதியது:

நான் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் பணியில் இருக்கிறேன். கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டதால் நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சேர்த்த பிறகு வேறு பெயராக மாற்றுவதுதான் கடினம். அரசிதழில் வெளியிடும் வரை போக நேரும். ஆகையால் வீட்டில் எல்லாரும் ஒரு பெயரைச் சில வாரங்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, வெளியூர்க்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்களில் இது பெரிய தொல்லை. 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. வேலூரும் அதில் இருந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே இந்த நிலை என்றால் பிள்ளைக்கு முதலிலேயே ஒரே எழுத்துமுறையை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயருக்கு ஒரு தனி இடம் கேட்பார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தந்தையின் பெயரை அங்கே எழுதுகிறார்கள். இடத்தைக் காலியாக விட்டால் கடவுச்சீட்டு கிடைக்கும், ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்த பிறகு நம் பக்கத்துப் பயணிகள் பலர் அலைந்தார்கள். அம்மாவின் மனம் நிறைவதற்காக அந்த இடத்தில் 'ஸ்கடர்' என்று எழுதிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். தந்தையின் ஆவணங்களில் எங்கும் இல்லாத குடும்பப் பெயர் பிள்ளைக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்பார்கள்.


காட்பாடி வாசகி எழுதியது:

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து இரண்டு குடும்பத்தாருக்கும் படித்துக் காட்டினேன்.

குடியாத்தம் ஐயா எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், 'ஐடா'தான் அவரைப் பெருமைப்படுத்தும் பெயர் என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் பயிற்சி பெற்ற காலத்தில் மூத்த செவிலியர்கள் 'ஐடா அம்மா' என்று சொல்வார்களே தவிர, 'ஸ்கடர்' என்று சொல்லித் தாம் கேட்டதாகவே நினைவில்லை என்றார். பேரனுக்கு ஐந்து வயதானதும் ஆற்காடு சாலையில் உள்ள மருத்துவமனை வாசலுக்குத் தாமே அழைத்துப் போய், எந்த மாடியில் அவன் ஆறு நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான் என்பதைக் காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார். 'ஸ்கடர்' என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மாமனாருக்கு 'விரிஞ்சையன்' பிடித்திருந்தது. ஆனால் பத்து நாட்கள் கூப்பிட்டுப் பார்த்ததில் 'அன்' யாருடைய வாயிலும் தங்கவில்லை. பாட்டி முதல் நாளே "விரிஞ்ச" என்று ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது எளிதாக வருகிறது. நேற்று மாலை மாமியார் வாசற்படியில் நின்று கூப்பிட, தூளிக்குள் கிடந்தவன் அந்தத் திசையில் தலையைத் திருப்பினான். குரலுக்குத் திரும்பினானா பெயருக்குத் திரும்பினானா என்று என் கணவரும் மாமனாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே 'விரிஞ்சை' என்று முடிவு செய்திருக்கிறோம். தமிழாசிரியர் ஐயா சொன்னபடி தந்தையின் முதலெழுத்து முன்னால் நிற்கும். வீட்டில் தமிழில் எழுதும் இடங்களில் எல்லாம் அதற்கும் முன்னால் தாத்தா வைத்திருந்த 'வி' என்ற எழுத்தைச் சேர்க்கத் தேவையில்லை என்று மாமனாரே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறோம். இராணிப்பேட்டை ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தைத் தனியாக எழுத வேண்டுமா, பெயரோடு புள்ளி வைத்துச் சேர்த்து எழுத வேண்டுமா? பிற்பாடு கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக வரும்போது இரண்டும் பொருந்த வேண்டும் அல்லவா?